வரைபடத்தில் தெரிந்த எண்ணெய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

என் ஆராய்ச்சிதான் உனக்குத் தெரியுமே. கார்பனை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன்களில் ஒன்றை மட்டும் கழற்றி, அந்த இடத்தில் நீளமான கார்பன் சங்கிலி ஒன்றைக் கோக்க வேண்டும். எட்டு மாதமாக எனக்குத் தண்ணி காட்டியது. செவ்வாய்க்கிழமை கலவை ஊற்றிய கண்ணாடிக் குழாயை, உள்ளே என்ன இருக்கிறது என்று வரைந்து காட்டும் கருவியில் வைத்ததும், வரைபடத்தில் சங்கிலி தெரிந்தது! ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

பேராசிரியர் வந்து பார்த்தார். "சங்கிலி இருக்கு. ஆனா நீ கோத்தது இல்லம்மா, இது தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில இருக்கிற சங்கிலி. கையுறை போடாம குழாயைத் தொட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். புதன்கிழமையே மறுபடி ஆரம்பித்துவிட்டேன், கவலைப்படாதே.

நீ காய்ச்சும் எண்ணெய் இன்னொரு பாட்டில் அனுப்பு. மூடியை நன்றாக இறுக்கு.

"போன மாசமே தீந்துபோச்சுன்னியே, அப்புறம் கையில ஏதுடி எண்ணெய்?" என்று கேட்பாய். தினமும் கிளம்பும் முன் அந்தக் காலி பாட்டிலுக்குள் விரலை விட்டுத் துழாவி, முகர்ந்துவிட்டுத்தான் போகிறேன்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்