சைனா செட்டைப் பிரித்துவிட்டோம்

உ

ஓசூர்
9-11-98

அன்பு மகள் ஜோதிமணிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை அழகர்சாமியும் அந்த சார்ஜா வெயிலிலும் ஏசிக் குளிரிலும் மாறி மாறி நின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் இரண்டு கடிதமும் வந்தது. இரண்டிலும் ஒரே கேள்வி, செட்டில் கேசட்டைப் போட்டுக் கேட்டீர்களா, கேட்டீர்களா என்று. பதில் கடைசியில் வருகிறது, நேராக அங்கே தாவிவிடாதே. வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும். காலையிலிருந்து எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன், அடுப்பில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்றைக்கு எனக்கு மதிய ஷிப்டு, கம்பெனி பஸ் வருவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

இங்கே தீபாவளி வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை. வெங்காயம் விற்கிற விலைக்குப் பக்கத்து வீட்டு தங்கமணி முட்டைக்கோஸை அரிந்து போட்டுக் குழம்பு வைத்து அதற்கு வெங்காயக் குழம்பு என்றே பெயரும் வைத்திருக்கிறாள். அப்பா அதே கிரானைட் கம்பெனியில்தான் வாட்ச்மேன், கல் அறுக்கிற சத்தத்தில் காது இன்னும் மந்தமாகிவிட்டது, நான் சாப்பிட வாங்க என்றால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற பொன்னுசாமி லீவில் வந்தபோது நீ கொடுத்துவிட்ட டேப் ரெக்கார்டர் செட்டை அப்பாதான் தோளில் சுமந்துகொண்டு வந்து பீரோ மேல் வைத்தார். அட்டைப் பெட்டியில் மேட் இன் சைனா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்ததும் எழுத்து சுவர்ப் பக்கம் போகும்படி பெட்டியைத் திருப்பிவிட்டேன். இது அப்படியே இருக்கட்டும், யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்பா தினமும் அதைத் தட்டிப் பார்த்து, ஏ காளி, புள்ள ஆசையா அனுப்புனது பொட்டிக்குள்ளயே கெடந்தா எலிதான் பாட்டுக் கேக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன் மேல் கோபம் இல்லை. காரணம் வேறு.

மாப்பிள்ளை ஒருமுறை அத்தைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டாரே, அவருக்கும் இதைப் படித்துக் காட்டு. எங்கள் கம்பெனியில் டேப் ரெக்கார்டருக்கும் டிவிக்கும் ஸ்பீக்கர் செய்கிறோம். செய்து முடித்த ஒவ்வொன்றையும் கண்ணாடி ரூமுக்குள் வைத்து அடிச் சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரைக்கும் ஓடவிட்டுக் கேட்பது என் வேலை. நடுவில் எங்காவது கர் என்று ஒரு சின்ன உரசல் கேட்டால் சிவப்பு ட்ரே, இல்லாவிட்டால் பச்சை ட்ரே. நாலு வருஷத்துக்கு முன்னால் முதலாளி சோதனைக்கு என்று சைனாவிலிருந்து கொஞ்சம் ஸ்பீக்கர் வரவழைத்தார். அட்டைக்குள் கரப்பான் ஓடுகிற மாதிரி சத்தம், கையில் எடுக்கும்போதே பிசின் விட்டு, சத்தம் எழுப்புகிற பேப்பர்க் கூம்பு தனியாக வந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பு உனக்கும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கிலிருந்து கம்பெனியில் பிய்ந்த செருப்பும் சைனா, வேகாத சோறும் சைனா, பெண் பார்க்க வந்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனவனும் சைனா.

இந்தத் தடவை சைனா சரக்கு மறுபடியும் வந்தது, நீ செட் அனுப்பிய அதே சமயம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் நம்முடையதையும் அவர்களுடையதையும் கலந்து, பெயர் எதுவும் இல்லாமல் பின்னால் நம்பர் மட்டும் ஒட்டி என் மேஜைக்கு அனுப்பினார். எது எந்த ஊர் என்று அவருக்கு மட்டும் தெரியும். சைனா சரக்கு தேறிவிட்டால் ஸ்பீக்கரை இனி அங்கேயே வாங்கிக்கொள்வார்கள், செம்புக் கம்பியைக் காயிலாகச் சுத்துகிற செக்‌ஷனை மூடிவிடுவார்கள் என்று கேன்டீனில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாங்கின சரக்கையும் யாராவது கேட்டுப் பார்க்க வேண்டுமே, அதனால் என் வேலைக்கு ஆபத்து இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். காயில் செக்‌ஷனில் இருப்பதெல்லாம் தளியிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் விடிவதற்குள் பஸ் ஏறி வருகிற பெண்கள். அதில் கெம்பம்மாவை உனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்குத் தளியிலிருந்து கூடை கூடையாகச் சாமந்தி கொண்டுவந்து இறக்கினாளே அவள்தான். அவள் என்னைத் தண்ணீர்க் குழாய் பக்கம் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னாள், அக்கா, அதுங்க பிசினு வாழப்பழ எசன்ஸ் மாரி வாசன வருது, மூக்குலயே தெரியுதில்ல, அந்த வாசன வந்தா செவப்புல போட்டுடு, உங் காதை யாரு கேள்வி கேக்கப் போறாங்க. சரி என்று சொல்ல வாய் வந்தது, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா, அமிர்தாஞ்சனத்தை எடுத்து மூக்கைச் சுற்றி அப்பிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன். எந்த வாசனையும் தெரியக் கூடாது, அவர்களுக்குக் கெடுதலும் செய்யக் கூடாது, நம்மவர்களுக்குக் கெடுதலும் செய்யக் கூடாது என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சூப்பர்வைசர் சளியா என்கிறார், நான் தலையை ஆட்டிக்கொண்டே காதை மட்டும் வைத்துக் கேட்டேன். எல்லாம் முடிந்து மேனேஜர் நம்பரைப் பார்த்தார். நம்முடையதில் பாதிக்கு மேல் சிவப்பு ட்ரேயில். சைனா அங்கே ஒன்று இங்கே ஒன்று. கை வேலையில் குறை இல்லை ஜோதி, அதை மட்டும் நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், காயில் எல்லாம் கச்சிதமாகத்தான் இருந்தது, கம்பெனியில் ஒரு வருஷமாக மட்டமான பேப்பர் வாங்கிப் போட்டால் எந்தக் கையால் என்ன செய்ய முடியும். அதையும் மேனேஜரிடம் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பொங்கல் கழிந்ததும் காயில் செக்‌ஷன் கிடையாது என்று போன வாரம் போர்டில் ஒட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வருகிறது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மிக்ஸி ஓடினால் அதில் கர் இருக்கிறதா என்று காது போகிறது, பஸ் தகரத்தில் தேடுகிறேன், கோயில் மைக்கில் தேடுகிறேன். அந்தச் சரக்கில் நான் விட்டுவிட்ட குறை ஏதாவது இருந்திருக்குமோ, மூக்கில் தைலம் எரிந்ததில் காது தப்பியிருக்குமோ என்று நினைத்து நினைத்துத் தலை வலிக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கெம்பம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். பையில் பீன்ஸும் அவரைக்காயும். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை, பீரோ மேலே பார்த்து, அக்கா அதுவும் சைனாதானே, போடு, நானும் கேக்கறேன், எங்களைத் தள்ளிட்டு வர்றது எப்படித்தான் பாடுதுன்னு பாக்கணும் என்றாள். மறுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது. அப்பா இதற்காகவே காத்திருந்த மாதிரி பெட்டியை இறக்கிப் பிரித்தார். உள்ளே நீ வைத்திருந்த கேசட்டையும் போட்டார். கெம்பம்மா ஒரு பக்க ஸ்பீக்கரில் காதை வைத்தாள், நான் இன்னொரு பக்கம் வைத்தேன். நீ பேச ஆரம்பித்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேடினேன், அடிச் சத்தத்தில் தேடினேன், நீ சிரித்த இடத்தில் தேடினேன், இருமின இடத்தில் தேடினேன். நீ முடித்துவிட்டாய், வெறும் டேப் ஓடுகிறது. ஒரு கர் கூட இல்லடி கெம்பம்மா என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அக்கா, உம் பொண்ணு மாசமா இருக்கறாளாம், நீ எதைக் கேட்டுட்டு இருந்த என்றாள்.

திருப்பிப் போடச் சொல்லி மறுபடி கேட்டேன், உன் வாயால் கேட்டேன். எழுதினால் அப்பா பிரித்துத் தெரு முழுக்க வாசித்துவிடுவார் என்றுதானே கேசட்டில் பேசினாய், இங்கே எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டுச் சொல்ல உனக்குக் கூச்சம், அதுவும் புரிகிறது. நான்தான் இரண்டு மாதமாக உன்னை அட்டைப் பெட்டிக்குள் அடைத்து பீரோ மேல் வைத்திருந்திருக்கிறேன். அழுதுவிட்டேன். அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, என்னாச்சு என்னாச்சு என்று சத்தத்தைக் கடைசிவரை திருகினார், தங்கமணி வீட்டிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் உன் ரகசியம் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு சத்தத்திலும் அந்தச் செட் உரசவில்லை. கெம்பம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது ஏன் மாடோது, அதாவது என்ன செய்வது, என்று கன்னடத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அப்புறம் என்னிடம், கொறை சொல்ல ஒண்ணுமில்லக்கா, அங்கயும் பொம்பளைங்கதானே காயில் சுத்துவாங்க, நல்லாத்தான் சுத்தறாங்க என்றாள்.

இன்று ஷிப்டுக்குப் போனதும் முதல் வேலையாக மேனேஜரைப் பார்க்கப் போகிறேன். ஏழாம் மாதம் நீ இங்கே வந்துவிட வேண்டும், வளைகாப்பும் பிரசவமும் இங்கேதான், நான் லீவு போட்டே ஆக வேண்டும். அந்த நாற்காலியில் கெம்பம்மாவை உட்கார வையுங்கள், என் காது விட்டதை அவள் காது பிடித்தது என்று சொல்லப் போகிறேன். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. இருப்பது ஒரு நாற்காலி, அந்தப் பெண்கள் எத்தனையோ பேர். நினைத்தால் மறுபடி எழுந்து அடுப்பைப் பார்க்கத் தோன்றுகிறது.

கனமான பாத்திரத்தைத் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். பப்பாளி வேண்டாம். மாரியம்மன் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் பொத்திப் பாதுகாக்கட்டும், இருவரும் நூறு வயசுக்கு நன்றாக இருங்கள். பொன்னுசாமி திரும்ப வரும்போது இன்னொரு கேசட் பேசிக் கொடுத்துவிடு, மறந்துவிடாதே. பஸ் ஹாரன் கேட்கிறது. நீ கேட்டதற்குப் பதில், கேட்டுவிட்டேன் கண்ணே.

உன் அம்மா
வெ. காளியம்மாள்