மேல்கதவு எனக்கு, கீழ்க்கதவு உங்களுக்கு

டீச்சர்,

சமையலறையில் விரித்துப்போட்ட பழைய துண்டு இன்னும் காயவில்லை. நேற்றுக் காலை பால் எடுக்கப் போனபோது கால் ஜில்லிட்டது. ஃப்ரிட்ஜின் அடியிலிருந்து தண்ணீர் கோடாக ஓடி கேஸ் சிலிண்டர் வரைக்கும் போயிருந்தது. உள்ளே விசிறி எதிலோ உரசுவதுபோல் கர்கர் என்று சத்தம். மேல்தட்டில் பால் திரிந்துவிட்டது, தயிர் புளித்துவிட்டது. கீழே ஃப்ரீசர் கதவைத் திறந்தால் டிராயர் அசையவில்லை. அடியில் கண்ணாடிபோல் பனி உறைந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தக் கதவை நான் திறந்தது இதுதான் முதல் தடவை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்து மாதமும் உங்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. என்னோடு ஆறு வருடம் இருந்துவிட்டு, கடைசியில் விக்ரோலிக்கு, உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். என் வீடு உங்களுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொன்னதில்லை. நேற்று மெக்கானிக் வந்துபோன பிறகு, நான் நினைத்தது தப்பென்று தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தாராவிப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் நமக்கு அடுத்தடுத்த வகுப்பறை. நான் ஐந்தாம் வகுப்பு, நீங்கள் ஏழு. நான் மாடுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். உங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் மளிகைக்கடை வைத்தவர். மதிய இடைவேளையில் நம் டப்பாக்கள் ஒரே மேஜையில்தான் திறக்கும். உங்கள் டப்பாவில் மீன் இருக்கும் நாளில் நான் சொல்லாமலே நீங்கள் சன்னல் பக்கம் நகர்ந்துகொள்வீர்கள். "உங்க சாம்பார் வாசம் தாங்க முடியல டீச்சர், அதான் இங்கிட்டு வந்துட்டேன்" என்பீர்கள். மொத்த அறையும் சிரிக்கும்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, இடித்துக் கட்டுவதற்காக உங்கள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணன் குடும்பம் விக்ரோலியில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போனது. உங்களையும் சேர்த்து ஏழு பேர். செம்பூரில் என் கணவர் போனபின் நான் தனியாக இருந்தேன். "இங்கே வந்துடுங்கோ டீச்சர், ரெண்டு பேருமா இருந்துக்கலாம்" என்றேன். ஒரு சூட்கேஸும் தையல் மெஷினுமாக வந்து இறங்கினீர்கள். அன்றைக்கே, "இந்த வீட்டுல நான் கவிச்சி சேக்க மாட்டேன். நீங்களும் அதப் பத்திப் பேச்செடுக்கப்பிடாது" என்று முடித்துவிட்டீர்கள். நானும் எடுக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை ஸ்டேஷன் மார்க்கெட்டில் நான் கீரை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ச்சாரியில் மீன்காரியின் கூடைக்கு முன்னால் நீங்கள் நின்றீர்கள். விலை கேட்டீர்கள். ஒரு வஞ்சிரத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னீர்கள். அவள் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்பதுபோல் தலையசைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் இந்தப் பக்கம் வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டீர்கள். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மே மாதம் பழைய ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. ஒற்றைக் கதவு, உள்ளேயே மேலே ஃப்ரீசர். புதிது வாங்கப் போன கடையில் விற்பனைக்காரர் கீழே ஃப்ரீசர் வைத்த ஒன்றைக் காட்டினார். ஒரு நாளில் காய்கறியும் பாலும் எத்தனை தரம் எடுக்கிறீர்கள், ஐஸ் எத்தனை தரம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அடிக்கடி எடுப்பது கண்ணுக்கு நேரே இருக்குமாம், என்றைக்கோ எடுப்பதற்குத்தான் குனிய வேண்டுமாம். எனக்கு முதுகுவலி. அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. நீங்கள் பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல் அதில் குறை தேடினீர்கள். அதே அளவில் மேலே ஃப்ரீசர் வைத்ததைவிட விலை கூட. கடையில் இருந்ததே இரண்டு ரகம். டிராயரை இழுத்துப் பார்த்துவிட்டு, "மேல கெடக்கதுதான் கைக்கு வரும். அடியில போனது அடுத்த தீவாளிக்குத்தான் வெளிய வரும்" என்றீர்கள். அத்தனையும் உண்மைதான்.

அப்போது சொன்னேன். "மேல்கதவு எனக்கு, கீழ்க்கதவு உங்களுக்கு. நீங்க மீன் வாங்கி வச்சுக்கோங்கோ."

"டீச்சர், வெளையாடாதீய."

"விளையாடலை. சொட்டினாக்கூட அது கீழேதானே சொட்டும்? ரயில்ல லேடீஸ் டப்பா மாதிரி. வண்டி ஒண்ணு, கதவு வேற."

ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் உதாரணத்தோடு சொன்னேன். நீங்கள் புடவைத் தலைப்பை எடுத்து அந்த ஃப்ரிட்ஜின் கைப்பிடியைத் துடைத்தீர்கள். இன்னும் பணம்கூடக் கட்டவில்லை.

மூன்று வருடம் நன்றாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாடுங்காவுக்குக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். நீங்கள் பின்பக்க பால்கனியில் உங்கள் கரண்ட் அடுப்பையும் இரும்புச் சட்டியையும் எடுத்து வைப்பீர்கள். நான் காப்பிப் பொடி வாங்கிக்கொண்டு ஒரு மணிக்குத் திரும்பும்போது சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். "இன்னிக்கு என்ன?" என்பேன். "பாறை மீனு. பங்கு வேணுமா?" என்பீர்கள். அந்த ஃப்ரிட்ஜும் நன்றாகவே உழைத்தது. கீரை கண்ணில் படும் இடத்தில் இருந்ததால் மறந்து அழுகுவது நின்றது. டிராயரை அளவுக்கு மீறி நிரப்பினால் கதவு சரியாக மூடாது, கத்தத் தொடங்கும். நீங்கள் காலால் ஒரு தள்ளு தள்ளுவீர்கள். "பழைய டாக்ஸிக் கதவுல்லா இது, அறைஞ்சாத்தான் கேக்கும்."

பிறகு ஒரு வாரம் நான் அணுசக்தி நகரில் என் தங்கை வீட்டில் இருந்தேன். திரும்பி வந்த அன்று, "மேல குளிரல, பாலெல்லாம் கெட்டுப்போச்சு. ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போய்ட்டான்" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அடுத்த ஞாயிறு நான் மாடுங்காவுக்குக் கிளம்பும் முன்பே நீங்கள் விக்ரோலிக்குக் கிளம்பிவிட்டீர்கள். அண்ணன் பேத்தி தேடுகிறதாம். அதற்கடுத்த ஞாயிறும் போனீர்கள். பிறகு எல்லா ஞாயிறும். கீழ் டிராயரில் பட்டாணியும் துருவிய தேங்காயும் மட்டும் இருந்தன. மீன் வாங்கவில்லையா என்று கேட்டேன். "பல்லுக்கு ஆகல டீச்சர், வயசாச்சுல்லா" என்றீர்கள். நம்பினேன். ஆனால் சாயங்காலம் நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் வரைக்கும் வீடு வெறிச்சென்று இருக்கும். அது மெல்ல மெல்லக் கோபமாக மாறியது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"இந்த வீடு அலுத்துப்போச்சுன்னா சொல்லிடுங்கோ. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றீர்கள். "ஏன் டீச்சர் இப்படிப் பேசுதீய" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. உடம்புக்கு வந்து, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "அண்ணன் வீட்டுக்குப் போறேன், அங்க பாக்க ஆள் உண்டு" என்றீர்கள். நான் இருக்கிறேனே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சூட்கேஸை அடுக்கினேன். நீங்கள் கேட்காமலேயே தையல் மெஷினையும் டெம்போவில் ஏற்றச் சொன்னேன். அதை ஏற்றும்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் டெம்போக்காரரிடம் வழி சொல்வதுபோல் திரும்பிக்கொண்டேன். ஆறே வாரத்தில் அங்கேயே கண்ணை மூடிவிட்டீர்கள்.

நேற்று வந்தவர், நான் தங்கை வீட்டில் இருந்தபோது வந்த அதே மெக்கானிக். தாராவிக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவரிடம் சொன்னேன்: "மேலே மட்டும் சரி பண்ணிக் கொடுங்கோ. கீழே அவங்களோடது. எனக்கு வேண்டாம், நிறுத்திடுங்கோ."

"கீழ பந்த் பண்ணா மேல கூலிங் எங்கேர்ந்து மேடம் வரும்?" என்று சிரித்தார்.

ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். வளைந்து வளைந்து போகும் குழாய், அதற்கு மேல் ஒரு சின்ன விசிறி, அடியில் ஒரு துளை. உருகும் பனி அந்தத் துளை வழியாக வெளியே போக வேண்டுமாம். துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே தேங்கி உறையும், மீதி தரைக்கு வரும். உறைந்தது வளர்ந்து விசிறியில் இடிக்கும். மேலே போகும் காற்று நின்றுவிடும். "கீழ கல்லு மாதிரி ஐஸ் இருக்கும், மேல பால் கெடும். இந்த மாடல்ல இது தினம் வர்ற கம்ப்ளெயிண்ட் மேடம்" என்றார்.

"மேலே வர்ற காத்து கீழேர்ந்தா வர்றது?"

"பின்ன? ஒரே ஃபேன், ஒரே காத்து. மேல சுத்திட்டு திரும்ப கீழயே வரும். மேல கீழ தனித்தனியா கூலிங் வச்சதும் இருக்கு, அது வேற. இது அது இல்ல." ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டே தொடர்ந்தார். "போன தடவை அந்த டீச்சருக்கும் இதத்தான் பிரிச்சுக் காட்டினேன். அப்போ கீழ வச்ச மீன் வாடை மேல போவுமான்னு கேட்டாங்க. கொஞ்சம் போகத்தான் செய்யும், இறுக்கமா மூடி போட்ட டப்பால வைங்கன்னேன்."

"அப்புறம்?"

"இந்தப் பாலத்தான் எங்க டீச்சர் சாமிக்கு வைக்கிறாங்க, மூணு வருஷமா வைக்கிறாங்க, அவங்க காதுல இத போட்டுடாதீங்கன்னாங்க. நான் எதுக்கு மேடம் போடப் போறேன்? இன்னிக்கு நீங்களே கேட்டீங்க."

சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும், காற்று ஓரிடத்தில் நிற்காது என்று முப்பது வருடம் ஊதுபத்தி கொளுத்திக் காட்டிப் பாடம் எடுத்தவள் நான். என் வீட்டு ஃப்ரிட்ஜில் மட்டும் அது கதவுக்குக் கதவு நின்றுவிடும் என்று நம்பியிருக்கிறேன்.

அவர் போன பிறகு வெகுநேரம் ஈரத்தரைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு டப்பா போதும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் டப்பாவைப் பற்றிப் பேசினால் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்றைப் பற்றிச் சொன்னால் மூன்று வருடத்து நைவேத்தியத்தைப் பற்றி நான் யோசிப்பேன். அதனால் மீனை இந்த வீட்டிலிருந்து எடுத்துவிட்டீர்கள். சாப்பிட ஆசைப்பட்டு, இரண்டு பஸ் மாறி, ஆறு பேருக்கே இடம் போதாத வீட்டுக்குப் போனீர்கள். அதற்கு நான் கொடுத்த பேச்சையும் வாங்கிக்கொண்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். சொல்லவில்லை. தையல் மெஷின் ஏறியபோதுகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் புதுப் பால் வாங்கி மேல்தட்டில் வைத்தேன். விளக்கேற்றும் நேரத்தில் அதை எடுத்துக் காய்ச்சி, சாமி அலமாரி முன்னால் கொண்டுபோனபோது கை கொஞ்சம் தயங்கியது. இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பிறகு வைத்தேன். மூன்று வருடம் ஏற்றுக்கொண்டவர் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லையே.

இன்றைக்கு இப்படி வைப்பது எளிது. அன்றைக்கே நீங்கள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். 'அதனால என்ன டீச்சர்' என்று உடனே சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லியிருக்க மாட்டேன். முகம் மாறியிருக்கும். இரண்டு நாள் சரியாகப் பேசியிருக்க மாட்டேன். அலமாரியைக் கழுவி, ஃப்ரிட்ஜைத் துடைத்து, மாடுங்காவில் யாரிடமாவது போய்க் கேட்டுவிட்டு வந்திருப்பேன். ஒரு வாரம் ஆகியிருக்கும். அந்த முகத்துக்குத்தான் நீங்கள் பயந்திருப்பீர்கள். ஆனால் எட்டாம் நாள் நானே உங்களைக் கூப்பிட்டுக்கொண்டு மூடி போட்ட டப்பா வாங்கக் கடைக்குப் போயிருப்பேன். எனக்கு எதுவும் மெதுவாகத்தான் விளங்கும், டீச்சர். பக்கத்து வகுப்பறையிலிருந்து இருபத்தெட்டு வருடம் பார்த்த உங்களுக்கு அது தெரியும்.

அந்த ஒரு வாரத்தை நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கலாம்.