சும்மா கிடந்த கிரிஸ்டல்

மே 8, வெள்ளி
காலையிலேயே வெயில். புதூர் ஆட்டு எடை மேடைக்குப் போனோம், நானும் செல்வின் அண்ணனும். எங்கள் கம்பெனி செய்த மேடை. அதன் மின்னணு போர்டை ஈயம் வைத்துப் பற்றவைப்பது அவர். அதில் ஓடும் ப்ரோகிராம் என்னுடையது. காலையில் எடை சரி. மதியம் தகரக் கொட்டகை கொதித்ததும் எண் ஆட்டம். ஆட்டுக்காரம்மா சொன்னது: "ஆடு நிக்குது தாயி, ஒங்க பெட்டில்லா துள்ளுது."

இந்த மூன்று மாதத்தில் மாற்றியது: கேபிள், அடாப்டர், சென்சார் (இரண்டு தடவை). பலன் பூஜ்யம்.

கோவில்பட்டி திரும்பியதும் முதலாளி கத்தல். "செல்வினுக்குக் கண்ணு மங்கிட்டு. பத்தவைப்பு சரியில்ல. புதன்கிழமையிலருந்து போர்டு வேலைய வெளிய குடுத்திருதேன்." அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார். இந்த ஏச்சுக்காகவே போன வாரம் புதுக் கண்ணாடி வாங்கியவர்.

தோசை மாவு புளித்துவிட்டது.

மே 9, சனி
மறுபடி புதூர், தனியாக. பஸ்ஸில் நின்றுகொண்டே. ஆட்டுக்குப் பதில் சிமென்ட் மூட்டை வைத்தேன். அதுவும் துள்ளியது. மூன்று மணிக்குக் கரண்ட் போனது. மேடை பேட்டரியில் ஓடியது, எண் அப்படியே நின்றது. கரண்ட் வந்ததும் பழைய ஆட்டம்.

ஆக, இரைச்சல் கரண்ட் வயரிலிருந்து. ஆனால் அதைக் கழிக்கத்தானே எடையை எண்ணாக்கும் சிப் ஒவ்வொரு எண்ணுக்கும் கரண்டின் ஐந்து அலையை அளந்து சராசரி போடுகிறது? ஐந்தும் முழுசாக இருந்தால் மேடும் பள்ளமும் கழிந்துவிடும். நேரம் பிசகினால் மிச்சம் எண்ணில் ஒட்டும். ஏன் பிசகணும்? துல்லியமாக நேரம் காட்டத்தான் போர்டில் கிரிஸ்டல் என்ற கடிகாரத் துண்டு இருக்கிறதே.

லேப்டாப்பைத் திறந்தேன். கிரிஸ்டலை எடுத்துக்கொள் என்று சொல்லும் வரியே என் ப்ரோகிராமில் இல்லை. சிப் தன் உள்கடிகாரத்தில் ஓடியிருக்கிறது. சூட்டில் அதன் வேகம் மாறும். அண்ணன் பற்றவைத்த கிரிஸ்டல் மூன்று மாதமாகச் சும்மா கிடந்திருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது.

மே 10, ஞாயிறு
மேகம். மழை இல்லை. துணி துவைத்தேன். அண்ணன் குடும்பத்தோடு கோயிலுக்குப் போனார், புதுக் கண்ணாடியோடு. கூப்பிட வாய் வரவில்லை. சத்தமில்லாமல் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுகூட நினைத்தேன். அப்புறம் புதன்கிழமையிலிருந்து அவர் வேலையில்லாமல் வீட்டில் உட்காரணும். சீ.

மே 11, திங்கள்
சொல்லிவிட்டேன். அண்ணனையும் வைத்துக்கொண்டே. முதலாளி: "மூணு மாசமா செல்வின ஏசியிருக்கேன். ஒன்ன என்னதான் செய்ய?" வெளியே கொடுப்பது ரத்து.

அண்ணன்: "ஏட்டி, நான் வச்ச கிரிஸ்டல்ட்ட நீ ஒரு தடவகூட மணி கேக்கவேயில்லையா?" சிரித்தார். எனக்குத்தான் அழுகை. அப்பாடா.

மே 12, செவ்வாய்
புதூர், இருவரும், திருத்திய ப்ரோகிராமோடு. மதியம் இரண்டு. கொட்டகை அடுப்பாக. கரண்ட் இருக்கிறது. சிமென்ட் மூட்டை: அசைவே இல்லை. அதே ஆட்டுக்காரம்மா கிடாயை ஏற்றினார். "இப்பம் சரி தாயி. கிடா துள்ளுனாத்தான் பெட்டி துள்ளுது." கிடா அடங்கியது. எண்ணும்.

அண்ணன் புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பத்தடி தள்ளிப் போய் நின்று வெறுங்கண்ணால் எடையைச் சத்தமாக வாசித்தார்.

"முப்பத்தொண்ணு புள்ளி நாலு."