நொண்டி நரி

ஆகஸ்ட் 3, சனி

பள்ளிக்கூடம் இன்று அரை நாள். வந்ததும் மாடியில் துணியை விரித்து, டீ டிகாஷனையும் கரிசல் மண் கரைத்த தண்ணீரையும் ஊற்றிக் காயவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் வெறும் கறை. ஒரு காது இல்லை, ஒரு வால் இல்லை. பென்சிலால் கோடு போட்டு மிருகத்தை வரவழைக்க எனக்கு வராது. கறையில் அதுவாக வந்து நிற்க வேண்டும். வந்தபிறகுதான் நான் பிரஷ்ஷைத் தொடுவேன்.

காலேஜில் எனக்கு சீனியரான செல்வக்குமார் அண்ணன் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார். நாகமலை புதுக்கோட்டையில் ஓவியக் கண்காட்சி, ‘உள்ளிருந்து வரும் விலங்குகள்’. அட்டையில் இருப்பது என் நரி. கீழே அவர் கையெழுத்து.

ஆகஸ்ட் 4

இனி அண்ணனும் கிடையாது, அவரும் கிடையாது. அவன்தான்.

போன ஐப்பசியில், “குடு மீனா, நல்ல பிரேமாப் போட்டுத் தாரேன்” என்று அந்த நரிப் படத்தை வாங்கிக்கொண்டு போனான். மழைக்காலம் முழுக்க அவனிடம் இருந்தது. பொங்கலுக்குத் திரும்பி வந்தபோது பிரேமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் நரியை ப்ரொஜெக்டரில் சுவரில் அடித்து, கோடுகளை அப்படியே நகல் எடுத்திருக்கிறான். காலேஜிலேயே அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. நான்தான் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6

அவன் பேசிய வீடியோவைப் பார்த்தேன். “கண்ண மூடி கலரை ஊத்துவேன். மிருகம் தானா வரும். இத எனக்கு யாரும் சொல்லித் தரல.”

யாரும் சொல்லித் தரலையாம்! என் வீட்டு மாடியில உக்காந்து, நான் வச்ச கறிக்குழம்பத் தின்னுட்டு, நான் ஊத்துறத ஞாயித்துக்கிழமை தவறாமப் பாத்துட்டுப் போனவன் சொல்றான். வெக்கம் இருக்கா அவனுக்கு?

“போனப் போட்டு நாலு வார்த்தை கேட்டுரு, மீனா. விட்ரு” என்கிறார் அருள்பாண்டி. என் வீட்டுக்காரருக்கு எல்லாமே ஒரு போனில் முடிந்துவிடும். போனில் கேட்டால் யாருக்குத் தெரியும்? ஊர் பார்க்க அவன் மூஞ்சி செத்துப்போக வேண்டும். நான் அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 9

கறை கறையாகவே கிடக்கிறது.

ஆகஸ்ட் 11

மாட்டிக்கொண்டான்!

கண்காட்சிப் படங்களையெல்லாம் பேஸ்புக்கில் போட்டிருக்கிறான். நரிக்கூட்டம், செந்நாய், கழுதைப்புலி. எல்லாமே என் நரியைப் போலவே வலது முன்காலைத் தரையில் ஊன்றாமல் மடக்கித் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றுகூடப் பாக்கியில்லை. என் நரியின் கோட்டையே வைத்துக்கொண்டு, வரியும் புள்ளியும் போட்டு ஆளை மாற்றியிருக்கிறான்.

அந்தக் கால் எனக்கு வந்த கதை அவனுக்குத் தெரியாது. உசிலம்பட்டிக்குப் போகும்போது, சோளம் அறுத்த காட்டில் ஒரு நரியைப் பார்த்தேன். கண்ணியில் சிக்கியதோ என்னவோ, ஒரு கால் விளங்காது. என்னைக் கண்டு ஓடவில்லை. திரும்பி நின்று பார்த்தது, அவ்வளவுதான். அதை நான் மறந்தே போனேன். ஒரு வருஷம் கழித்துக் கறையில் ஒரு மிருகம் வந்தது, மூன்று காலோடு. நாலாவது காலுக்கு இடமே இல்லை. மடக்கி வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது, இது அந்த நொண்டி.

இவனுக்கு அது ஸ்டைல்!

ஆகஸ்ட் 14

என்ன கேட்பது என்று பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரி பார்த்தது. கத்தக் கூடாது. அழவே கூடாது. ஒரே ஒரு கேள்வி. சிரித்த முகமாகக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

நல்ல கூட்டம். பட்டுச் சட்டையில் மைக்கோடு நின்றான். என்னைப் பார்த்ததும், “வா மீனா, வா” என்று ஒரு சிரிப்பு வேறு. கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன்.

“அண்ணே, எல்லாம் நல்லாருக்கு. ஒரே ஒரு சந்தேகம். இம்புட்டு மிருகமும் எதுக்குண்ணே ஒரே கால நொண்டுது?”

எல்லாத் தலையும் சுவர்ப் பக்கம் திரும்பியது. ஒருத்தர் நரியைப் பார்த்தார், அப்புறம் கழுதைப்புலியைப் பார்த்தார், களுக்கென்று சிரித்தார். அப்புறம் மொத்த ஹாலும் சிரித்தது. பிறகு என் போனில் இருந்த என் நரியின் பழைய படத்தைத் தேதியோடு காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு என்னையே பார்த்தான். ஓடிப்போவான் என்று நினைத்தேன். நின்றான்.

வரும் வழியில் ஜிகர்தண்டா குடித்தேன். அப்படி இனித்தது.

ஆகஸ்ட் 20

பாதியிலேயே படங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். வேண்டும். நல்லா வேண்டும்.

செப்டம்பர் 1

துணி மாற்றினேன், டிகாஷனைத் திக்காக்கினேன். கறைதான்.

செப்டம்பர் 8

ஒன்றும் இல்லை. மயில்கூட வரவில்லையே. மயில் எப்போதும் வந்துவிடுமே?

செப்டம்பர் 22

வந்தது.

காது முதலில் வந்தது, பின்பக்கமாக மடங்கி. அப்புறம் முதுகு. கை தானாக ஓடியது. பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டேன். நரிதான். நாலு காலும் நன்றாக ஊன்றி நிற்கிறது. கண்ணைத்தான் நான் கவனிக்கவில்லை. மைக்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தானே, அதே கண்.

அருள்பாண்டி மாடிக்கு வந்து ரொம்ப நேரம் பார்த்தார். “நீ போட்டதுலயே இதுதான் உசிரோட இருக்கு” என்றார். அது யார் கண் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

அவர் இறங்கிப் போனபிறகு, போய்த் தொலைடா என்று அதைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன். படம்தானே, எங்கே போகும்?