சறோ அக்காவும் நானும் ஏறிய பிழையான மலை

என் அன்பான சறோ அக்கா,

இந்த வருடமும் விடைத்தாள் திருத்த வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. வாசித்தவுடன் வழக்கம்போல உங்களுக்குக் கோல் எடுக்கத்தான் கை போனது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்கள் இலக்கத்தைப் போனிலிருந்து அழிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

போன வருடம் பண்டாரவளைக்குத் திருத்தப் போனோமே, நினைவிருக்கிறதா? ஞாயிறு பின்னேரம் எங்களுக்கு ஓய்வு தந்தார்கள். மற்ற டீச்சர்மார் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்க, நீங்கள் விடுதி யன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "இந்தா தெரியுது, ரெண்டு கட்டை தூரமும் வராது. தேத்தண்ணிக்கு முன்னம் போட்டு வந்திடலாம், வாரும்" என்றீர்கள்.

நீங்கள் இலுப்பைக்கடவை, நான் நானாட்டான். சமதரையான எங்கள் ஊர்களில் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு நேரே நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த நம்பிக்கையில் சேலையோடும் ரப்பர் செருப்போடும் மலையேறப் புறப்பட்ட டீச்சர்மார் இலங்கையிலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

பாதையை விட்டுவிட்டு, மலையை மட்டும் பார்த்தபடி தேயிலைக்குள்ளால் ஏறினோம். ஒன்றரை மணித்தியாலம் ஏறியும் மலை கிட்ட வருவதாக இல்லை. அட்டை கடித்ததற்கு நீங்கள் போட்ட சத்தத்தில், விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்தார். "என்னாங்கம்மா, இங்க எதுக்கு ஏறுனீங்க? மலைக்குப் போற ரோடு அந்தப் பக்கமில்ல இருக்கு!" என்றார். நாங்கள் ஏறி நின்றது வேறொரு குன்று. அதற்கும் மலைக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கே கிடந்தது. நான் வயிறு நோகச் சிரித்தேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு கல்லில் குந்தி, நெஞ்சைப் பொத்திக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினீர்கள். அந்தக் குளிரிலும் முகம் முழுக்க வேர்வை. பயந்துபோய், உங்கள் மகளுக்குக் கோல் எடுத்துச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"இது ரெண்டு மாசமா வந்து வந்து போகுது. தர்சினிக்குச் சொல்லிப்போடாதையும். வாற மாசம் அவளுக்குக் கம்பஸ் தொடங்குது. தெரிஞ்சால் பிள்ளை என்னை விட்டிட்டுப் போகமாட்டாள்" என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள்.

"நீங்கள் டொக்டரிட்டைக் காட்டினால் சொல்லமாட்டன்" என்றேன். "ஓம், ஓம்" என்றீர்கள். அந்த அம்மாதான் எங்களை மெல்ல மெல்லக் கீழே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டொக்டரிடம் காட்டினீர்களா அக்கா? நான் ஏன் திரும்பக் கேட்கவில்லை?

தர்சினி மட்டக்களப்புக்குப் படிக்கப் போய் மூன்றாம் மாதம் அதே நெஞ்சு நோவில் நீங்கள் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "அன்ரி, அம்மாவுக்கு முந்தியே உடம்பில ஏதும் வருத்தம் இருந்ததோ?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். உங்களுக்குத் தந்த சத்தியத்துக்காக என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்ற பயமும் இருந்தது.

இனிச் சொல்லப்போகிற செய்தி உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் மகள் கம்பஸுக்குத் திரும்பிப் போகவில்லை. போன கிழமை பார்க்கப் போனபோது, உங்கள் சேலைகளை அலுமாரியிலிருந்து எடுத்துத் திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தாள். "ஒரே வீட்டில இருந்தும் எனக்குத் தெரியேல்லை அன்ரி. நான் என்ன மகள்? இனிப் படிச்சு என்ன செய்ய?" என்றாள். நான் எழும்பிப் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் இருந்தால் ஓர் அதட்டு அதட்டி அவளை அனுப்பியிருப்பீர்கள். எனக்கும் உங்கள் அதட்டல் வேண்டும் அக்கா. இன்னொரு தரம் உங்களோடு அந்தக் குன்றில் வழிதெரியாமல் நிற்க வேண்டும் போலிருக்கிறது. இந்தமுறை நீங்கள் என்ன சொன்னாலும் கேட்காமல் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன்.

அது நடவாது. நாளைக் காலை இலுப்பைக்கடவைக்குப் போகிறேன். அவள் கவனிக்காமல் விடவில்லை, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளிடம் மறைத்தோம் என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். இருக்கட்டும். அவள் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினால் எனக்குப் போதும்.

உங்களுக்குச் செய்த சத்தியத்தை நாளைக்கு மீறுவேன் என்று உங்கள் மேல் சத்தியம் செய்கிற,
உங்கள் தங்கச்சி,
வதனி