சாமான் அறைச் சாவி ஆணி மாறிய விவரம்

காரைக்குடி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் சிவரஞ்சனிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே நான், அம்மா, அம்மாவின் இடது முழங்கால் மூவரும் நலம். வலது முழங்கால்தான் இன்னும் எங்களோடு ஒத்துவரவில்லை. டப்ளின் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய் என்பதால்தான் கடிதம்.

நிற்க. சென்ற ஞாயிறு பகல் பதினொன்றே முக்காலுக்கு நெற்குப்பைப் பெரிய வீட்டில் கூடிய பதினொரு பங்காளிக் குடும்பங்களும் ஏகமனதாக எடுத்த முடிவின்படி, அந்த வீட்டுச் சாமான் அறைச் சாவி, நம் வீட்டுச் சாப்பாட்டு அறையில் இடது ஆணியிலிருந்து வலது ஆணிக்கு மாற்றப்பட்டது. இரண்டு ஆணிக்கும் நடுவே ஒரு சாண் தூரம். இடது ஆணி அம்மாவுடையது, வலது ஆணி என்னுடையது. இருபத்திரண்டு வருஷம் இடது ஆணியில் தொங்கிய சாவி. மற்றவர்கள் சென்னையிலும் கோவையிலும் இருக்க, உள்ளூரில் நம்பத் தகுந்த ஆள் என்று அவர்களே அம்மாவிடம் கொடுத்தது. இப்போது அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் உன் அடுப்பில் இருக்கிறது.

தை மாதம் நீ வந்து போனபோது, அங்கே வாங்கிய சட்டியில் பணியாரம் ஒட்டுகிறது என்று இரண்டு தடவை வருத்தப்பட்டாய். இரண்டாவது தடவை உன் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் இடது ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நெற்குப்பை போய், ஏழு குழி இரும்புப் பணியாரக்கல்லைக் கொண்டுவந்து உன் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்தேன். யாருடையது என்று கேட்டாய். நம்முடையது என்றேன். அது பொய்யல்ல. பதினொன்றில் ஒரு பங்கு நம்முடையது. ஏழு குழியில் அது முக்கால் குழிக்குச் சற்றுக் குறையும்.

மூன்று வாரத்துக்கு முன், வரப்போகும் முன்னோர் படைப்புக்காகச் சாமான் அறையைத் திறந்தபோது கல்லைக் காணவில்லை. யார் மேலும் சந்தேகமில்லை, எல்லாரும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் போதும் என்று இராமு சித்தப்பா சொன்னார். சத்தியத்தின் வாசகம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் எந்தச் சாமானையும் எடுக்கவில்லை என்று முதலில் இருந்தது. எல்லாருக்கும் தெய்வபயம் உண்டு என்பதால் யாரும் அதற்குச் சம்மதிக்கவில்லை. லட்சுமணன் சித்தப்பா, சாமான் என்பதை எடுத்துவிட்டுப் பணியாரக்கல் என்று போடச் சொன்னார். பிறகு இரும்பு என்று சேர்க்கச் சொன்னார். பிறகு இந்த வருஷம் என்று சேர்க்கச் சொன்னார். பித்தளை அண்டா இதில் வராதுல்ல, அதத் தெளிவாச் சொல்லிருங்கப்பா என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். வராது என்று உறுதியானபின் ஒவ்வொருவராக முன்வந்து சூடத்தை அணைத்தார்கள். தட்டை நான் பிடித்துக்கொண்டேன். மாதாமாதம் கார்த்திகைக்குக் குன்றக்குடி போகிறவன் என்பதால் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். தட்டுப் பிடிக்கிறவர் சத்தியம் செய்யும் வழக்கமில்லை.

உன் அம்மா மட்டும் மாட்டேன் என்றாள். அடுத்தவுக பொருள எடுக்கக்கூடாதுன்னு எனக்கே தெரியும், அதுக்குச் சூடம் எதுக்கு என்றாள். சாமி பாக்குதுங்குற பயம் வேணாமா ஆச்சி என்று இராமு கேட்டார். என்னைய நானே பாத்துக்கிருவேன் என்றாள். ஒங்கள நீங்களே பாத்துக்கிட்டா அது சாட்சியில சேராது ஆச்சி, வேற யாராச்சும் பாக்கணும் என்றார். முப்பத்தொரு வருஷம் பௌதிகம் நடத்தியவள் விட்டுவிடுவாளா, சூடத்துக்கு யாரு கை வச்சாலும் காத்து நின்னா அணையும், கள்ளன் கைக்கும் அணையும், எங்கைக்கும் அணையும், இதுல என்னத்தக் கண்டுபிடிப்பீக என்றாள். இதைக் கேட்டதும் கல்லை எடுத்தவர் யாரென்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. நான் தட்டைக் கீழே வைத்தேன்.

திரும்பும் பஸ் திருப்பத்தூர் தாண்டியது. அம்மா என் பக்கம் திரும்பி, மக பெட்டி இருபத்திமூணு கிலோன்னு ஏர்போர்ட்டுல காட்டுச்சு, நான் வீட்டுல கட்டுனது பத்தொன்பது, நாலு கிலோவுக்கு நீங்க என்னத்த வச்சீக என்றாள். விபூதி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பணியாரக்கல் என்றேன். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், சொல்றதா இருந்தா நீங்கதேன் சொல்லணும், சொல்லலைன்னாலும் காப்பி வழக்கம்போல வரும் என்றாள். காப்பி வழக்கம்போல வந்தது. அதுதான் என்னால் குடிக்க முடியாமல் போனது.

நான் குன்றக்குடி போய் முருகனிடம் பூப்போட்டுக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் ஒப்புக்கொள்வது, சிவப்பு வந்தால் பேசாமல் இருப்பது. வெள்ளை வந்தது. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது என்று உன் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனவே மறுபடி போட்டேன். வெள்ளை. மூன்றாவதாகச் சிவப்பு வந்தது, மனம் தெளிந்து மலை இறங்கினேன். அம்மாவிடம் சொன்னபோது, ரெண்டுக்கு ஒண்ணு, ஒங்க முருகனே ஜெயிச்சிருக்காரு, அவரு பேச்சையாச்சும் கேளுங்களேன் என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். சாமிக்குப் பயந்தால் என் அறிவு வழிவிடுகிறது, அறிவுக்குப் பயந்தால் சாமி வழிவிடுகிறார். இப்படி இரண்டு வழியும் உள்ளவனாக அறுபத்தாறு வயதுவரை சௌகரியமாக இருந்துவிட்டேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு ஒரே வழிதான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை படைப்பில், முன்னோருக்குப் பணியாரத்துக்குப் பதில் இட்லி வைத்தபின், எல்லார் முன்னாலும் நின்று கல்லை எடுத்தவன் நான் என்று சொன்னேன். உடனே நாச்சியார் ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொண்டாட்டி பழியத் தன் தலையில போட்டுக்கிறாக, இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசரா என்றார்கள். கல்லை அடுப்பில் வைத்து நீ எடுத்து அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். லட்சுமணன் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, அதே கல்லுதேன், ஆச்சி மக வீட்டுலதேன் இருக்கு, வேறென்ன சாட்சி வேணும் என்றார். சரி, சத்தியமே செய்கிறேன் என்று சூடத்தை ஏற்றிக் கையைக் கொண்டுபோனேன். இராமு பாய்ந்துவந்து, பொய்ச் சத்தியம் பண்ணாதீகண்ணே, கண்ணு போயிரும் என்று வாயால் ஊதி அணைத்துவிட்டார். அவுக சொல்றது நெசந்தேன் என்று அம்மா எழுந்து சொன்னாள். நீங்க சொல்லத்தேன் செய்வீக ஆச்சி என்றார்கள். அதன்பிறகுதான் சாவி பற்றிய முடிவு. நாங்கள் இருவரும் எதிர்த்தோம். தம்பதியின் எதிர்ப்பு ஏகமனதைப் பாதிக்காது என்று லட்சுமணன் விளக்கினார். அடுத்த வருஷப் படைப்புக்குத் தலைமையும் எனக்கே. இனிமேல் யார் சாவி கேட்டாலும் நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு விதியும் போட்டிருக்கிறார்கள்.

அம்மா திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டாள், என் தோளில்தான் சாய்ந்தாள். உன் வேலையில் யாராவது உன்னைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரே மாதிரி இரு. இதை என்னிடம் கற்றுக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டு கல்லைத் திருப்பி அனுப்பிவிடாதே, வந்தால் அம்மா பயந்து அனுப்பிவிட்டாள் என்பார்கள். சோப்புப் போட்டுத் தேய்க்காதே, சுட்டு முடித்ததும் நல்லெண்ணெய் தடவித் துணியால் துடைத்து வை. இரவில் பால் குடி. குன்றக்குடியான் உன்னைக் காக்கட்டும், அம்மாவின் சார்பில் உன் புத்தியும் காக்கட்டும். நீயும் உன் அடுப்பும் நிறைவாக இருக்க எங்கள் இருவர் ஆசியும்.

உன் அன்பு அப்பச்சி,
வள்ளியப்பன்

பி.கு.: ஊறுகாய் ஜாடி எடுக்க வேண்டுமென்று அம்மா இன்று காலை சாவி கேட்டாள். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.