உடன்பிறந்தோர் பட்டியலில் மூன்றாவது பெயர்

ராத்தா,

இன்று காலை மகளின் சாரதி அனுமதிப்பத்திர விண்ணப்பத்தில் இரத்த வகை என்ற கட்டத்தை நான்தான் நிரப்பினேன். பி பொசிட்டிவ் என்று, பேனையை அழுத்தி, அழகாக. பெற்றவனுக்குத் தெரியாததா என்ற நினைப்பு. மகள் எட்டிப் பார்த்தாள். "வாப்பா, அது பழைய இரத்தம். இப்ப எனக்கும் உங்கட ஓ பொசிட்டிவ்தான்" என்றாள். கவுண்டரில் இருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரத்தத்தை மாற்றிக்கொண்டு வந்த ஆளை அவர் கண்டிருக்க மாட்டார். புதுப் படிவம் வாங்க மறுபடியும் வரிசையின் வாலில் போய் நின்றேன்.

அங்கே நிற்கும்போது உங்கள் சிரிப்புத்தான் காதில் கேட்டது. தம்பிக்குப் படிவம் ஆகாது என்று முதலில் சொன்னது என் கூடப்பிறந்த நீங்கள்தானே.

மகளுக்குப் பத்தொன்பது வயதில் நோய் வந்தது. பல் முரசில் இரத்தம், விடாத காய்ச்சல், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கல். கொழும்பில் எலும்புக்குள் ஊசி விட்டுப் பார்த்து, இரத்தப் புற்றுநோய், அதிலும் வேகமாக ஓடுகிற வகை என்றார்கள். மருந்தேற்றி அடக்கினார்கள். அடங்கியது திரும்ப எழும்பும், அதற்கு முன்னர் வேறொருவரின் ஸ்டெம் செல்லை, அதாவது இரத்தம் உண்டாக்கும் வித்தை, இவளுக்குள் ஏற்ற வேண்டும் என்று டொக்டர் சொன்னார். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் எழுதித் தரச் சொல்லி ஒரு படிவம் நீட்டினார்.

உடன்பிறந்தோர் என்ற இடத்தில் என் இரண்டு சின்னப் பொடியன்களை எழுதினேன். மூன்றாவதாக உங்கள் மகனை எழுதினேன். சைக்கிள் கடை வைத்திருக்கும் எனக்கு அதற்கு மேல் விளங்கவில்லை. நான் பொய் எழுதவும் இல்லை. மகள் பிறந்த கிழமை என் பெண்சாதி காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வாட்டில் கிடக்க, கைக்குழந்தையோடு இருந்த நீங்கள்தான் பாலூட்டினீர்கள். வயிறு நிறைய ஐந்து தரம் குடித்தால் பிள்ளைதான், உங்கள் மகன் அவளுக்கு நானா, கூடப்பிறந்த அண்ணன்தான், கலியாணம் முடிக்க முடியாது என்பது நம் மார்க்கம். அப்படியிருக்க, இரத்தத்துக்கு மட்டும் அவன் எப்படி அந்நியனாவான்?

வேனில் எல்லோரும் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு வந்த அன்று டொக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சின்னவர்கள் இருவரும் ஒருவனுக்கொருவன் அச்சாகப் பொருந்துகிறார்களாம். வீட்டில் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள். அக்காவோடு மட்டும் பொருத்தமில்லை. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு கேப்பன், குறை நினைக்காதீங்க. எந்தப் பிள்ளையும் தகப்பனோட பாதி, தாயோட பாதி பொருந்தித்தான் தீரும். இந்த மூண்டாவது மகன் உங்களோடயும் இல்ல, அவவோடயும் இல்ல. வீட்டில யாருக்கும் தெரியாத விஷயம் ஏதும் இருந்தா, எனக்கு மட்டும் சொல்லுங்க."

"அவன் எங்கட புள்ளதான் டொக்டர்."

"எப்படி?"

"பால் குடிச்ச வகையில."

அவர் பேனையை நெற்றியில் வைத்துக்கொண்டார். பாவம், என் குடும்ப மானத்தைக் காப்பாற்றக் காலையிலிருந்தே சொற்களைத் தேடியிருக்கிறார். பிறகு இருவரும் சிரித்தோம். அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்த முதல் நாள் அது. அதன் பிறகுதான் கடதாசி எடுத்து, யார் யார் கொடுக்கலாம் என்று கோடு கீறிக் காட்டினார்.

அதை ஊருக்கு வந்து உங்களிடம் ஒப்புவித்தபோது, "அப்ப இது மாப்பிள்ள பாக்கிற வேலதான்" என்றீர்கள். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டில் வந்து குடியிருப்பது. டொக்டர் அரை மணித்தியாலம் சொன்னதை நீங்கள் மீன் வெட்டி முடிப்பதற்குள் சொல்லிவிட்டீர்கள். முழுதாகப் பொருந்திய கூடப்பிறந்தவன் பக்கத்து வளவு மாப்பிள்ளை, வீட்டுப் பழக்கம் தெரிந்தவன், சண்டை குறைவு. வெளிநாட்டுப் பதிவேட்டில் தேடிப் பிடிக்கும் அந்நியர் தூரத்து மாப்பிள்ளை. குணம் பொருந்தலாம், ஆனால் நம் ஆட்கள் அந்தப் பதிவேடுகளில் குறைவு, தேட மாதக்கணக்காகும். தொப்புள்கொடி இரத்தம் சின்னப் பொடியன். அதிகம் முரண்டு பிடிக்க மாட்டான், வளர்ந்த பெண்ணின் குடும்பத்தைத் தாங்கவும் மாட்டான். பாதிப் பொருத்தம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறவன், ஆனால் வந்த வீட்டிலேயே சட்டிபானையை உடைக்கக் கூடியவன்.

"அவன அடக்க மருந்து இரிக்காமா?" என்று கேட்டீர்கள்.

இருந்தது. ஏற்றி மூன்றாம் நாளும் நாலாம் நாளும் ஒரு மருந்து கொடுத்துச் சண்டைக்காரர்களை மட்டும் தட்டி வைப்பார்களாம். முன்னர் பாதிப் பொருத்தத்துக்கு டொக்டர்மார் நாங்களே பயந்தோம், இப்போது அதுவும் முழுப் பொருத்தத்துக்குக் கிட்ட வந்துவிட்டது, முழுசு வரும் என்று காத்திருந்தால் நோய் காத்திருக்காது என்பது டொக்டரின் பேச்சு. சின்னவர்களுக்கு வயது போதாது. பெண்சாதியையும் என்னையும் மறுபடி சோதித்து என்னை எடுத்தார்கள். வாழ்க்கையில் நான் பாஸான ஒரே சோதனை அது. அதிலும் பாதிப் புள்ளிதான்.

வித்துப் பெருக எனக்கு ஊசி போட்ட நாட்களில் எலும்பெல்லாம் குடைந்தது. மெசினில் கையை நீட்டிப் படுத்திருந்தேன். சோற்றுக்கு ஊற்றும் தக்காளி ஆணத்தின் நிறத்தில் ஒரு பை, அவ்வளவுதான். அது மகளின் நெஞ்சுக் குழாயில் இறங்கியதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பிறகு அவள் தோலெல்லாம் சிவந்து தடித்தது. "மாப்பிள்ள முறுகுறார், விடு, அடங்குவார்" என்று போனில் சொன்னீர்கள். அடங்கினார். ஒரு காலை டொக்டர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் சிரித்துக்கொண்டு வந்து, அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, கக்கூசுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது அவளுக்கு இருபத்து மூன்று. போன நோன்புக்கு முன்னர் நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது உங்களைக் குளிப்பாட்டிய பெண்களில் அவளும் ஒருத்தி. பெற்றவளைக் கூப்பிடுவது போல உம்மா என்று சொல்லித்தான் தண்ணீர் ஊற்றினாளாம். உங்கள் மகன்தான் அவளுக்கு மோட்டார் சைக்கிள் பழக்குகிறான். இரண்டு தரம் மதிலில் மோதிவிட்டாள். திருத்துகிறவன் நான்தான். அல்ஹம்துலில்லாஹ், மதிலில் மோத அவள் இருக்கிறாள்.

ஒன்று மட்டும் பாக்கி. நாலு தரம் பால் கொடுத்த பிறகு நீங்கள் நிறுத்தியிருக்கலாம். இவளை உங்கள் மகனுக்கு முடித்து வைத்து மருமகளாக்க வேண்டும் என்று, இவள் வயிற்றில் இருக்கும்போதே சொல்லி வைத்தவர் நீங்கள். ஐந்தாவது தரம் கொடுத்தால் அது போய்விடும் என்று உங்களுக்குத் தெரியும். மாப்பால் கரைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். குழந்தை போத்தலைத் துப்பிவிட்டு வீறிட்டது. நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கையை நீட்டி அவளை வாங்கிக்கொண்டீர்கள்.

அவள் குணமாகி ஊருக்கு வந்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்க, என்னைச் சீண்டினீர்கள். "நீ பாதிதான் குடுத்தாய் தம்பி. நான் முழுசாக் குடுத்தநான்."

"முழுசாக் குடுத்தும் உங்கட மகன் ஒரு புள்ளியும் பொருந்தல்லையே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட நீங்கள்தான் கூடச் சிரித்தீர்கள்.

பிழையாக நிரப்பிய படிவம் இன்னும் என் சட்டைப் பையில் கிடக்கிறது. அன்று வாய் வரை வந்ததைச் சிரிப்போடு விழுங்கிவிட்டேன்: ஓம் ராத்தா, முழுசாக் குடுத்தது நீங்கதான்.